லொறிக்குப் பின்னால் ஒதுங்கும் சிக்கனம்

உலகச் சந்தையில் மசகு எண்ணெயின் விலை ஏறுகின்ற ஒவ்வொரு தடவையும் சாரதிகள் மத்தியில் ஓர் ஆலோசனை புத்துயிர் பெறுவதுண்டு. நெடுஞ்சாலையில் பெரிய கொள்கலன் லொறி ஒன்றைக் கண்டால் அதனை முந்த வேண்டாம். அதன் பின்னால் நெருங்கி ஓடுங்கள். காற்றின் எதிர்ப்பை லொறி தாங்கிக்கொள்ளும். உங்கள் வாகனம் குறைந்த எரிபொருளில் இழுபட்டுச் செல்லும் என்பதே அந்த ஆலோசனையாகும்.

2008 ஜூலையில் மசகு எண்ணெய் பீப்பாய் ஒன்றின் விலை 147 டொலரைத் தொட்டு, அமெரிக்காவில் ஒரு கலன் பெற்றோல் 4 டொலரைக் கடந்த வேளையில் இந்தப் பழக்கம் அந்நாட்டில் ஓர் இயக்கம் போலவே பரவியது. ஒவ்வொரு துளியையும் கணக்கிட்டு வாகனம் ஓட்டுவதற்கு 'ஹைப்பர்மைலிங்' என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தச் சொல்லின் வினை வடிவத்தை நியூ ஒக்ஸ்ஃபோர்ட் அமெரிக்க அகராதி அவ்வாண்டின் சொல்லாகவே தெரிவு செய்தது. 2022 ஜூனில் கலன் ஒன்றின் சராசரி விலை முதன்முறையாக 5 டொலரைத் தாண்டியபோது பழைய ஆலோசனைகள் மீண்டும் தூசு தட்டி எடுக்கப்பட்டன. அந்த ஜூன் மாதம் எமக்கும் மறக்கக்கூடியதல்ல. ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாகியது. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டிருந்தன.

எனவே லொறியின் பின்னால் ஒதுங்கும் மனிதனை ஏளனம் செய்ய நாம் முற்படவில்லை. வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதி எரிபொருளுக்கே போகும்போது எவரும் கையில் அகப்படும் எந்தச் சிக்கனத்தையும் பற்றிக்கொள்ளவே செய்வர். இந்தச் சிக்கனத்துக்கான விலையை யார் செலுத்துகிறார்கள், இதே இலாபத்தைப் பெறுவதற்கு வேறு வழி இருக்கவில்லையா என்பனவே எமது கேள்விகள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஆலோசனையின் அடிப்படையில் பொய் எதுவும் இல்லை. வேகமாக ஓடும் வாகனம் தனது வலுவின் பெரும்பகுதியைக் காற்றைப் பிளப்பதற்கே செலவிடுகிறது. அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பெட்டி போன்ற பெரிய லொறி ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் பின்புறத்தில் அமுக்கம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. அங்கே காற்றும் லொறியுடன் சேர்ந்து சுழன்று முன்னோக்கி இழுபடுகிறது. அதற்குள் நுழைந்துவிடும் வாகனம், முகத்தில் அடிக்கும் காற்றிலிருந்து ஓரளவு தப்பித்துவிடுகிறது. சைக்கிளோட்டப் போட்டிகளைப் பார்ப்பவர்களுக்கு இது புதிய விடயமல்ல. 1899 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் மேர்ஃபி என்ற அமெரிக்கர் ரயில் ஒன்றின் பின்னால் சைக்கிளோட்டி ஒரு மைல் தூரத்தை 57.8 செக்கன்களில் கடந்து காட்டினார். ஆனால் அவருக்காகத் தண்டவாளங்களுக்கு இடையில் பலகைகள் பரப்பப்பட்டிருந்தன. ரயிலின் பின்பகுதியில் காற்றுத் தடுப்பு ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. குறுக்கே எவரும் வரமாட்டார்கள் என்பதும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டிருந்தது. இந்த மூன்றில் எதுவும் சாதாரண நெடுஞ்சாலையில் கிடைப்பதில்லை.

எவ்வளவு மிச்சமாகும் என்பதை 2007 இல் 'மித்பஸ்டர்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியினர் அளந்து பார்த்தனர். மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய லொறியின் பின்னால் கார் ஒன்று பல்வேறு இடைவெளிகளில் ஓட்டப்பட்டது. 100 அடி இடைவெளியில் 11 சதவீத எரிபொருள் மிச்சமானது. 10 அடிக்கு நெருங்கியபோது அது 39 சதவீதமாக உயர்ந்தது. இன்னும் நெருங்கி 2 அடி தூரத்தில் ஓட்டியபோது சேமிப்பு 28 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மோதாமல் இருப்பதற்காகச் சாரதி ஓயாமல் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இதனை எவரும் வீதியில் செய்து பார்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அந்நிகழ்ச்சியில் விடுக்கப்பட்டது. மக்களின் மனதில் பதிந்தது எச்சரிக்கை அல்ல, 39 என்ற எண்தான்.

அந்த எண்களைத் தூரத்தில் அல்லாமல் நேரத்தில் வைத்துப் பார்த்தால் விடயம் தெளிவாகும். மேற்கூறிய வேகத்தில் வாகனம் ஒன்று ஒரு செக்கனில் ஏறத்தாழ 25 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. 10 அடி என்பது 3 மீற்றர். ஆகவே முன்னால் செல்லும் லொறிக்கும் காருக்கும் இடையில் இருப்பது ஒரு செக்கனின் எட்டில் ஒரு பங்கு மட்டுமே. லொறியின் சிவப்பு விளக்கு எரிவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிறேக்கை மிதிப்பதற்குச் சாதாரண மனிதர் ஒருவருக்கு ஒரு செக்கனுக்கு மேல் தேவைப்படும். 11 சதவீதம் மட்டுமே கிடைக்கும் 100 அடி இடைவெளியும் ஒன்றேகால் செக்கனுக்கு மேற்பட்டதல்ல. சாரதிப் பயிற்சியில் வலியுறுத்தப்படும் இரண்டு செக்கன் இடைவெளியைக் கடைப்பிடிப்பதாயின் அந்த வேகத்தில் ஏறத்தாழ 50 மீற்றர் பின்னால் நிற்க வேண்டும். காரின் சேமிப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் இடத்திலேயே பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

இப்பழக்கத்தை ஆதரிப்போர் ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. பாரமேற்றிய லொறியை விடக் கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடும், ஆகவே லொறி பிறேக் போட்டாலும் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை என்கிறார்கள். லொறி தனது பிறேக்கினால் மட்டுமே நிற்பதாக இருந்தால் இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் லொறி முன்னால் உள்ள இன்னொரு வாகனத்தில் மோதி நிற்கலாம். அதன் ரயர் ஒன்று வெடித்து றப்பர் துண்டுகள் பின்னோக்கிப் பறக்கலாம். வீதியில் கிடக்கும் கல்லையோ விலங்கின் உடலையோ லொறி தனது உயர்ந்த அச்சின் கீழாக விட்டுவிட்டுப் போய்விடலாம். பின்னால் வரும் காரின் சாரதிக்கு அது கண்ணில் படும்போது தூரம் எதுவும் மிஞ்சியிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டி வரும் காரை லொறிச் சாரதி பார்ப்பதே இல்லை. அவருடைய பக்கக் கண்ணாடிகளில் அந்த இடம் தெரியாது. தன்னைக் காணாத ஒருவரின் கவனத்தில் தனது உயிரை ஒப்படைத்துவிட்டுத்தான் இந்தச் சிக்கனக்காரர் பயணம் செய்கிறார். அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2008 இலேயே இத்தகைய பழக்கங்களுக்கு எதிராக எச்சரித்திருந்தது.

லொறியின் பின்புறம் என்பது சுவர் போன்றதல்ல என்பதையும் இங்கே கூறியாக வேண்டும். சுவரில் மோதும் காரில் முன்பகுதி நசுங்கி, ஆசனப்பட்டியும் காற்றுப்பையும் தமது வேலையைச் செய்வதற்கு அவகாசம் கிடைக்கிறது. லொறியின் தளமோ காரின் முன்கண்ணாடி மட்டத்தில் இருக்கிறது. மோதும் கார் கீழே நுழைந்துவிட, முதலில் அடிபடுவது பயணிகளின் தலையே. 1967 ஜூன் 29 அதிகாலை, நியூ ஓர்லியன்ஸ் நகருக்கு அருகில், நுளம்பு மருந்துப் புகை சூழ்ந்திருந்த வீதியில் வேகம் குறைத்துச் சென்ற லொறி ஒன்றின் பின்புறத்தில் ஹொலிவூட் நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்ட் பயணம் செய்த கார் மோதியது. முன் ஆசனத்தில் இருந்த மூன்று பெரியவர்களும் உயிரிழந்தனர். பின் ஆசனத்தில் இருந்த அவரது மூன்று பிள்ளைகளும் உயிர் தப்பினர். லொறிகளின் பின்னால் தாழ்வாகப் பொருத்தப்படும் இரும்புச் சட்டகம் அமெரிக்காவில் இன்றும் அவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது. ஆயினும் அந்தச் சட்டகம் உறுதியானதாக இருக்க வேண்டும் என்ற விதி அங்கு நடைமுறைக்கு வந்தது 1998 இல்தான். அதனை மேலும் வலுப்படுத்தும் விதி 2022 இல் வெளியிடப்பட்டது. புகழ்பெற்ற நடிகை ஒருவரின் மரணத்துக்குப் பின்னரும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன என்றால், பெயர் தெரியாதவர்களின் மரணங்கள் எவ்வளவு தூரம் செவிமடுக்கப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

மனிதனின் கால் போதிய வேகத்தில் பிறேக்கை மிதிக்காது என்றால், இயந்திரம் மிதிக்கட்டுமே என்று பொறியியலாளர்கள் சிந்தித்தனர். இரண்டு அல்லது மூன்று லொறிகளை வானலைத் தொடர்பினால் இணைத்து, முதலாவது லொறி வேகம் குறைக்கும் அதே கணத்தில் அடுத்ததும் குறைக்குமாறு செய்தால், மனிதச் சாரதி கனவிலும் நினைக்க முடியாத நெருக்கத்தில் அவற்றை ஓட்டலாம். 2014 இல் அமெரிக்க அரசின் தேசிய புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வகம் நடத்திய பரிசோதனையில், இவ்வாறு இணைந்து ஓடிய இரு லொறிகளும் சேர்ந்து அதிகபட்சமாக 6.4 சதவீத எரிபொருளை மிச்சப்படுத்தின. பின்னால் வந்த லொறி மட்டுமன்றி முன்னால் சென்றதும் பயனடைந்தது. தனது முதுகுக்குப் பின்னால் உருவாகும் வெற்றிடத்தை இன்னொரு லொறி நிரப்பிவிடுவதே அதற்குக் காரணம். 2016 ஏப்ரலில் ஐரோப்பாவின் ஆறு பெரிய லொறி உற்பத்தி நிறுவனங்கள் பல நாடுகளிலிருந்து தமது லொறி அணிகளை றொட்டர்டாம் துறைமுகத்துக்கு ஓட்டிச்சென்று காட்டின. எதிர்காலம் வந்துவிட்டது என்றே அப்போது பேசப்பட்டது.

நடந்தது வேறு. ஜேர்மனியில் மியூனிச் நகருக்கும் நியூரம்பேர்க் நகருக்கும் இடையில் 2018 இலும் 2019 இலும் உண்மையான சரக்குகளுடன், 15 முதல் 21 மீற்றர் வரையிலான இடைவெளியில் லொறிகள் ஓட்டப்பட்டன. அந்நாட்டின் அதிவேக வீதிகளில் கனரக வாகனங்கள் 50 மீற்றர் இடைவெளியைப் பேண வேண்டும் என்பது பொதுவான சட்டம். கிடைத்த சேமிப்போ 3 முதல் 4 சதவீதம் வரையில்தான் இருந்தது. இதனிடையே 2019 ஜனவரியில் டைம்லர் நிறுவனம் இம்முயற்சியை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. இடையில் வேறு வாகனங்கள் நுழைந்து அணி பிரியும்போது, மீண்டும் சேர்வதற்காக வேகம் கூட்டுவதிலேயே மிச்சம் பிடித்த எரிபொருள் செலவாகிவிடுகிறது என்பது அந்நிறுவனம் கூறிய காரணங்களில் ஒன்று. மற்றைய காரணம் இன்னும் கவனத்துக்குரியது. அமெரிக்க நெடுந்தூரச் சேவையில் காற்றோட்டத்துக்கு இசைவாக வடிவமைக்கப்பட்ட புதிய லொறிகளை இவ்வாறு இணைப்பதால் வர்த்தக ரீதியான பயன் இல்லை என்று அது தெரிவித்தது. காற்றைச் சுமுகமாக வழிவிடச் செய்யும் லொறியின் பின்னால் ஒதுங்குவதற்கு நிழலும் குறைவு என்பதே இதன் பொருள்.

அந்தப் புதிய வடிவமைப்புக்கும் ஒரு கதை உண்டு. 1970 களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் இருந்த நாசாவின் விமானப் பறப்பு ஆய்வு நிலையத்தில் எட்வின் சோல்ட்ஸ்மன் என்ற பொறியியலாளர் பணியாற்றினார். அவர் சைக்கிளில் செல்லும்போது தன்னைக் கடந்து போகும் பெரிய லொறிகள் முதலில் தன்னை ஓரத்துக்குத் தள்ளுவதையும் பின்னர் தமது பக்கமாக இழுப்பதையும் உணர்ந்தார். எமது கண்டி வீதியிலோ மட்டக்களப்பு வீதியிலோ சைக்கிளோட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம்தான் அது. நாம் கைபிடியை இறுகப் பிடித்துக்கொண்டு லொறிக்காரனைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அவரோ இவ்வளவு காற்றைத் தள்ளுவதற்கு எவ்வளவு டீசல் வீணாகிறது என்று யோசித்தார். வான் ஒன்றைத் தகடுகளால் மூடி, எல்லா மூலைகளும் செங்கோணமாக உள்ள பெட்டியாக்கி ஓட்டினர். பின்னர் மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஓட்டிப் பார்த்தனர். முன்புற விளிம்புகளை வளைத்த மாத்திரத்திலேயே காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்று நெடுஞ்சாலைகளில் ஓடும் லொறிகளின் வளைந்த முகப்புக்கும், கூரையின் மேல் உள்ள சரிவுத் தகட்டுக்கும், பக்கவாட்டில் தொங்கும் காற்றுத் தடுப்புகளுக்கும் இத்தகைய ஆய்வுகளே வழி திறந்தன. காரின் சாரதி உயிரைப் பணயம் வைத்துத் தேடிய அதே காற்றில்தான் இந்தச் சேமிப்பும் இருந்தது. இதற்காக எவரும் எவரையும் ஒட்டி ஓட வேண்டியிருக்கவில்லை.

இதைவிடவும் எளிய வழி வேகத்தைக் குறைப்பதாகும். 1973 இல் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைத் தடை செய்ததைத் தொடர்ந்து, 1974 ஜனவரி 2 ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் நாடு முழுவதும் உச்ச வேகத்தை 55 மைலாகக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எரிபொருள் சேமிப்பைப் பொறுத்தவரை அச்சட்டம் எதிர்பார்த்த அளவுக்குப் பயன் தரவில்லை. பலர் அதனைக் கடைப்பிடிக்கவில்லை. ஆனால் 1973 இல் சுமார் 54,000 ஆக இருந்த வீதி மரணங்கள் 1974 இல் சுமார் 45,000 ஆகக் குறைந்தன. பயணங்கள் குறைந்தமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. அதேவேளை சொந்தமாக லொறி வைத்து ஓடியவர்கள் டீசல் விலைக்கும் புதிய வேகக் கட்டுப்பாட்டுக்கும் எதிராக வீதிகளை மறித்துப் போராடினர். மைல் கணக்கில் கூலி பெறுபவருக்கு வேகம் குறைவது என்பது வருமானம் குறைவது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அச்சட்டம் 1987 இல் தளர்த்தப்பட்டு 1995 இல் முற்றாக நீக்கப்பட்டது. அரசு அந்த இடத்திலிருந்து விலகிக்கொண்ட பின்னர், 2008 இல் விலை ஏறியபோது, சாரதி தனித்து விடப்பட்டார். தனித்து விடப்பட்டவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது லொறியின் முதுகு.

எமது நாட்டுக்கு வருவோம். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்படும் வரை, நீண்ட நேரம் ஒரே வேகத்தில் லொறி ஒன்றின் பின்னால் ஓடுவதற்கான வீதியே எம்மிடம் இருக்கவில்லை. அந்த முதற்கட்டத்தின் நீளம் சுமார் 95 கிலோமீற்றர். உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். அத்தூரத்தை 100 இல் அல்லாமல் 80 இல் ஓட்டினால் மேலதிகமாகச் செலவாவது சுமார் 14 நிமிடங்கள். காற்றின் எதிர்ப்போ 36 சதவீதம் குறைகிறது. இது எந்தப் பரிசோதனைக் கூடமும் இல்லாமல் பள்ளிக்கூடக் கணக்கினால் கிடைக்கும் விடை. 30 மீற்றரில் லொறியை ஒட்டி ஓடுவதனால் கிடைப்பதற்குக் குறையாத சேமிப்பை, இடது ஒழுங்கையில் தனியாக, முன்னால் தெளிவான பார்வையுடன் ஓடியே பெற்றுவிடலாம்.

சிக்கனத்தை எமது மக்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வடக்கில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முதல் உதைக்கு மட்டும் தேவையான சில துளி பெற்றோல் மருந்துப் போத்தலில் பொத்திப் பாதுகாக்கப்பட்டது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களும் அதன் விலையைத் தமது உடம்பினாலேயே செலுத்தினர். 2022 ஓகஸ்ட் முதல் கியூ.ஆர். அட்டையுடன் வாரத்துக்கு முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டபோது, தெற்கிலும் மலையகத்திலும் கிழக்கிலும் அதே கணக்கை எல்லோரும் போட வேண்டி வந்தது. 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீடு நீக்கப்பட்டுவிட்டது. பழக்கங்கள் அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை.

வடக்குக்கும் கிழக்குக்கும் அதிவேக நெடுஞ்சாலை இன்னும் எட்டவில்லை. வெளிநாடு செல்லும் உறவினரை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவுக்கு இரவோடிரவாக ஓடும் வான்களும், சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்லும் லொறிகளும் இரு ஒழுங்கை வீதியில் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்கின்றன. அங்கே வான் சாரதி லொறியை ஒட்டி ஓடுவது எரிபொருளுக்காக மட்டுமல்ல. இருட்டில் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிவது அவருக்குத் துணையாகவும் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் வழிகாட்டியாகவும் இருக்கிறது. நோக்கம் எதுவாயினும் ஆபத்து ஒன்றே. மேலைநாட்டுச் சாரதிக்கு இருக்கும் இரும்புச் சட்டகமும் இங்கே பல லொறிகளில் காணப்படுவதில்லை. பின்புறத்தைச் சற்று நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிவது இலக்கத் தகடு, சேறு படிந்த விளக்கு, குலதெய்வத்தின் பெயர் அல்லது புனித வாசகம் ஒன்று, அதற்குக் கீழே வெறும் வெளி. ஒளி தெறிக்கும் பட்டிகளை ஒட்டுவதற்கும் தாழ்வான சட்டகம் ஒன்றைப் பற்றவைப்பதற்கும் பெரும் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும் வேளையில் அவற்றைச் சோதிப்பதற்கு உரிய அதிகாரிகள் முன்வர வேண்டும். பழுதடைந்த லொறியை வீதியிலிருந்து ஒதுக்கி நிறுத்துவதற்கான இடங்களும் ஏ-9 போன்ற வீதிகளில் அமைக்கப்பட வேண்டும்.

வீதியோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த லொறியின் பின்புறத்தில் வான் மோதியது, சாரதி தூங்கியமையே காரணம் எனப் பொலிஸார் தெரிவித்தனர் என்ற செய்தியை எமது பக்கங்களில் வாசகர்கள் எத்தனையோ தடவை வாசித்திருப்பார்கள். அந்த லொறியின் பின்புறத்தில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்பதை அச்செய்திகளில் நாமும் பெரும்பாலும் எழுதுவதில்லை.